கம்பி அறுந்தால் யார் வருவார்கள்?

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “வைஃபை பாஸ்வேர்டு என்ன?” முன்பெல்லாம் “மோர் இருக்கா?” என்று கேட்பார்கள். தப்பில்லை, காலம் அப்படி. ஆனால் அந்த பாஸ்வேர்டு எங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சு, வழியில் எத்தனை தடவை அறுந்தது, ஒவ்வொரு தடவையும் யார் வந்து ஒட்டினார்கள் என்பது நீளமான கதை.

அதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. வீட்டு இன்டர்நெட்டுக்குக் கட்டிய வருஷ சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. இருக்கிற ஆளிடமே தொடர்வதா, புதிதாக வந்திருக்கும் கம்பெனிக்கு மாறுவதா என்று இரண்டு வாரமாக வீட்டில் பேச்சு. நகரத்தில் இது பத்து நிமிஷ வேலை. விலையைப் பார்ப்பீர்கள், வேகத்தைப் பார்ப்பீர்கள், போன் போடுவீர்கள், சாயந்திரத்துக்குள் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போவான். இங்கே அப்படி முடிவதில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையில், கெடிலம் பக்கம். கரும்பு, நெல், கொஞ்சம் மல்லாட்டை. உங்கள் ஊரில் அதை வேர்க்கடலை என்பீர்கள்.

தந்தி வந்தால் ஒப்பாரி

தாத்தா காலத்தில் வெளியுலகம் எங்கள் ஊருக்குத் தபால்காரர் சைக்கிளில்தான் வந்தது. அவசரம் என்றால் தந்தி. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று ஊரில் ஒரு கணக்கு. உறையைப் பிரிக்கும் முன்பே பொம்பளைங்க தலையை விரித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் பிரித்துப் பார்த்தால், பட்டாளத்து மாமா லீவில் வருகிறார் என்று இருக்கும். அழுத கண்ணோடு கோழி அடிப்பார்கள். அந்தத் தந்தி சேவையை 2013 ஜூலையில் மொத்தமாக நிறுத்தினார்கள். செல்போன் வந்து எத்தனையோ வருஷம் கழித்து என்பதால் எங்கள் ஊரில் அதை யாரும் கவனிக்கவே இல்லை.

டெலிபோன் ஒன்றும் புது சாமான் இல்லை. 1881–82லேயே கல்கத்தா, பம்பாய், சென்னையில் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. ஆனால் சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு லட்சம் போன்கூட இல்லை. ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்கு டயல் செய்கிற எஸ்டிடி வசதி 1960ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவில் தொடங்கியது. அது எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க ஒரு தலைமுறை ஆயிற்று.

அதுவரை பெரிய ஊர்த் தபால் ஆபீசில் ஒரு கறுப்பு போன். டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். காசு கூடக் கூட வரிசையில் முன்னால் போகலாம். காலையில் ஆர்டினரி புக் செய்துவிட்டு, களை எடுக்கப் போய்விட்டு, மத்தியானம் வந்து “லைன் கெடச்சுதா சார்?” என்று கேட்பார்கள். கிடைத்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கத்த வேண்டும். குடும்ப ரகசியம் மொத்தமும் தபால் ஆபீஸ் திண்ணையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மஞ்சள் போர்டு

இந்த நிலைமையை மாற்றியது ஒரு சின்னப் பெட்டி. 1984 ஆகஸ்டில் மத்திய அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னால் பலரும் அறிந்த பெயரான சாம் பிட்ரோடா அதில் முன்னால் நின்றவர். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் ஏசி அறையில் வைத்துப் பராமரிக்க வேண்டியவை. நம்ம ஊர்த் தூசுக்கும் வெயிலுக்கும் தாங்காது. சி-டாட் பொறியாளர்கள் ஏசி இல்லாமல் ஓடுகிற 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். முதலாவது 1986ல் கர்நாடகத்தில் கிட்டூரில் வேலை செய்யத் தொடங்கியது. அதற்குப் பின் பத்துப் பதினைந்து வருஷத்தில் நாடு முழுக்க ஒற்றை அறை எக்ஸ்சேஞ்சுகள் முளைத்தன. ஒரு மின்விசிறி, சுவரை ஒட்டி வரிசையாகப் பேட்டரி, வாசலில் ஒரு வேப்பமரம். எங்கள் பக்கத்து எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான்.

அதோடு வந்தது மஞ்சள் போர்டு. எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ. பஸ் ஸ்டாப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு. உள்ளே போன், மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். இரவு பத்து பதினொன்றுக்கு மேல் கட்டணம் குறையும் என்பதால், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள் தூங்காமல் காத்திருந்து பேசினார்கள். பூத் நடத்த மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. எங்கள் பக்கம் போலியோவில் கால் போன ஒருவர் அந்தக் கூண்டை வைத்துத்தான் இரண்டு தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்தார்.

லைன்மேன்

இந்தக் கதையில் எல்லாரும் சாம் பிட்ரோடா வரை சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருகிற ஆள்தான் முக்கியம்.

வீட்டுக்கு லைன் வாங்கியவர்களுக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து மண்ணுக்கடியில் தாமிர கேபிள் வரும். தண்ணீர் புகாமலிருக்க உள்ளே ஜெல்லி அடைத்திருப்பார்கள், அதனால் ஜெல்லி கேபிள் என்றே பெயர். அதிலிருந்து கம்பம் வழியாக இரட்டைக் கம்பி வீட்டுக்கு. மழை பெய்தால் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிக் கரகரக்கும். ஏர் ஓட்டுகிறவன் ஆழமாக ஓட்டினால் அறுந்துபோகும். அப்போது சைக்கிளில் ஒருவர் வருவார். தோளில் ஒரு பை, இடுப்பில் கட்டிங் பிளேயர், கையில் டயலோடு இருக்கிற டெஸ்ட் போன். கம்பத்தில் ஏறி அதைக் கம்பியில் கடித்து மாட்டி, “அலோ, டெஸ்டிங்” என்று எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவார். எந்த வீட்டு லைன் எந்தக் கம்பத்தில் எத்தனாவது ஜோடி என்பது அவருக்கு மனப்பாடம். எங்கேயும் எழுதி வைத்தது கிடையாது.

அவருக்கு நாங்கள் கொடுத்தது மோர், பலாச்சுளை, மல்லாட்டை. மாமா என்றுதான் கூப்பிடுவோம். சர்க்கார் சம்பளக்காரர், ஆனால் ஊருக்கு உறவுக்காரர்.

அந்தத் தாமிர லைனில் நகரத்து ஆட்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. போனுக்கு வேண்டிய மின்சாரம், 48 வோல்ட், எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடும். ஊரில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் பேசும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஒலிபெருக்கியில் வந்த இன்டர்நெட்

1995 ஆகஸ்ட் 15ல் விஎஸ்என்எல் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி. சென்னையில் கஃபேக்கள் பெருகிய காலம் அது. ஆனால் கிராமத்துக்கு இன்டர்நெட்டைக் கொண்டுபோகிற சோதனைகள் இரண்டு நம்ம பக்கத்திலேயே நடந்தன என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

முதலாவது, எங்களுக்கு வடக்கே புதுச்சேரியில். 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையம் தொடங்கியது. வில்லியனூரில் இன்டர்நெட். அங்கிருந்து கிராமங்களுக்கு வானொலி அலை வழியாகத் தகவல். கரண்ட் நம்ப முடியாது என்பதால் சோலார். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மீனவருக்கு இன்டர்நெட் காது வழியாகப் போனது.

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். நல்லவாடு என்ற மீனவர் ஊரிலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பையன் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டார் சொல்ல, ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் மொத்தமும் ஓடித் தப்பியது. ஒரு போன் லைன், ஒரு குழாய் ஸ்பீக்கர், அதைப் போடத் தெரிந்த ஆட்கள். மூன்றில் எது குறைந்திருந்தாலும் அன்றைக்கு அந்த ஊர் இல்லை.

இரண்டாவது சோதனை சென்னை ஐஐடியிலிருந்து வந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினார்கள். ஒரு கோபுரம் வைத்தால் சுற்றி பத்து கிலோமீட்டருக்குப் போனும் இன்டர்நெட்டும். வேகம் 35 கேபிபிஎஸ், கூடினால் 70. இன்றைக்குச் சிரிப்பு வரும், அன்றைக்கு அது பெரிசு. எங்கள் நெல்லிக்குப்பம் கரும்பு ஆலையை நடத்துகிற பாரி கம்பெனி, இண்டியாக்ரிலைன் என்ற பெயரில் சுற்று வட்டாரத்தில் கரும்பு விவசாயிகளுக்காக இந்த முறையில் மையங்கள் வைத்தது. மதுரை மாவட்டம் மேலூரில் 2001ல் ஐஐடியும் ஹார்வர்டு, எம்ஐடி பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ‘சாரி’ என்ற பெயரில் கிராமத்துக்கு ஒரு கியாஸ்க் திறந்தார்கள். மாட்டுக்குச் சீக்கு என்றால் கால்நடைப் பல்கலைக்கழக டாக்டரிடம் கேட்கலாம். கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனுக்களைத் தாலுகா ஆபீஸ் போகாமலே அனுப்பலாம்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ஐஐடிக்காரர்கள் இந்தத் தொழிலுக்கு யாரை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான். கேபிள் டிவிக்காரரை! கையில் இருக்கிற காசைப் போட்டு, ஒரு டிஷ் வைத்து, மரத்துக்கு மரம் வயர் கட்டி, மாசம் நூறு ரூபாய் வாங்குகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை படம் நடுவில் நின்றால் தெருவே அவர் வீட்டு வாசலில் நிற்கும். அதனால் அவர் வந்தே ஆக வேண்டும். கிராமத்து இன்டர்நெட்டுக்கும் அப்படிப்பட்ட உள்ளூர் ஆள் வேண்டும் என்று அவர்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள்.

ஆனாலும் மேலூரில் சில வருஷத்தில் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன. பின்னால் ஆய்வு செய்தவர்கள் சொன்ன காரணங்கள் எளிமையானவை. வருமானம் கட்டுப்படியாகவில்லை. மெஷின் கெட்டால் சரிசெய்துதர ஆள் போதவில்லை. அக்கறையான அதிகாரி மாற்றலாகிப் போனதும் தாலுகா ஆபீஸ் மனுக்கள் தேங்கின. மேலே கோபுரம் நின்றது, கீழே ஆள் நிற்கவில்லை.

256

2004ல் அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டுவந்தது. 256 கேபிபிஎஸ் வந்தால் அது பிராட்பேண்ட். 2013ல் அதை 512 ஆக்கினார்கள். 2023ல்தான் 2 எம்பிபிஎஸ். இது டாக்டர் படிப்பு இல்லை, வேகக் கணக்கு.

2005ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. ராத்திரி 2 மணி முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை என்ற திட்டம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கியவர்கள்தானே நீங்கள்? எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. டிஎஸ்எல் இணைப்பு எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப் போகத் தேயும். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் வருவது சொட்டு நீர்ப் பாசனம்தான். எக்ஸ்சேஞ்சை ஒட்டிய தெருவுக்கு இன்டர்நெட், காலனிக்கும் கொல்லைமேட்டுக்கும் வெறும் போன். வாய்க்காலில் தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் இருக்கிற அதே வித்தியாசம்.

2011 டிசம்பர் 30ல் தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. தாத்தா வைத்த மரத்தைப் பேரன் அறுத்து விறகாக அடுக்கினான். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. டீசல் தீர்ந்ததும் செல் டவர்களும் ஊமையாகிவிட்டன. அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. கையில் செல்போன் இருப்பது வேறு, இணைப்பு இருப்பது வேறு.

ஒரே நாளில் வீட்டுக்குப் போனவர்கள்

2016 செப்டம்பர் 5ல் ஜியோ வந்தது. டேட்டா விலை தரைக்கு இறங்கியது. ஆடு மேய்க்கிற பெரியவர் பாக்கெட்டிலும் யூடியூப். லேண்ட்லைனை ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்தார்கள். செல் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறலாம் என்ற வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்திருந்தது. லேண்ட்லைனுக்கு அது வரவே இல்லை. இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகையில் போட்ட நம்பர், லைனைக் கொடுத்த அன்றைக்கே செத்துப்போனது.

தாமிரக் கம்பியும் தேய்ந்தது. சாலை அகலப்படுத்தியபோது பொக்லைன் வாரிக்கொண்டு போனது பாதி, திருடன் வெட்டிக்கொண்டு போனது பாதி.

பிறகு 2020 ஜனவரி 31. பிஎஸ்என்எல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் பணியிலிருந்து விலகினார்கள். நிறுவனத்தின் மொத்த ஆட்களில் பாதிக்கு மேல். நஷ்டத்தில் ஓடிய நிறுவனத்துக்குச் சம்பளச் செலவு பெரிய பாரம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டு லைன் எந்தக் கம்பத்தில் எத்தனாவது ஜோடி என்ற கணக்கும் அவர்கள் தலைக்குள்ளேயே இருந்து அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் லைன்மேன் மாமாவும் அதில் ஒருவர். இப்போது இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் கடைசியில் ஊரடங்கு. பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தது. நகரத்தில் வேலை செய்த பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி சிக்னல் பிடித்த பிள்ளைகளை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஒரு கம்பி மிக அவசியமாகத் தேவைப்பட்ட நேரத்தில், கம்பியைத் தெரிந்த ஆட்கள் ஓய்வுபெற்றிருந்தார்கள்.

கண்ணாடி இழை

அந்த இடத்தை நிரப்பியவர் நம்ம கேபிள் டிவி அண்ணன்தான். ஐஐடிக்காரர்கள் இருபது வருஷத்துக்கு முன் போட்ட கணக்கு தாமதமாகப் பலித்தது. டிவி இணைப்பு குறையக் குறைய, ஒரு பெரிய கம்பெனியின் ஃபிரான்சைஸ் எடுத்து ஃபைபர் இழுத்தார். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். 2021ல் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

அரசும் சும்மா இல்லை. 2011ல் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஃபைபர் கொண்டுபோவதற்கானது. தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் அதைச் செய்யவே டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம். பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகப் போகிறது. இதற்கான மத்திய நிதி, தொலைத்தொடர்பு கம்பெனிகள் வருமானத்தில் ஐந்து சதவீதம் செலுத்துகிற கிராம சேவை நிதியிலிருந்து வருவது. சுற்றிவளைத்துப் பார்த்தால் நீங்களும் நானும் ரீசார்ஜ் செய்கிற காசு. ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்த இழையை அங்கிருந்து நம் வீட்டுக்கு யார் இழுப்பது, அறுந்தால் யார் ஒட்டுவது? மறுபடி அதே கேள்விதான்.

கண்ணாடி இழைக்கு மழை பயம் இல்லை, துருப் பிடிக்காது, தூரம் போனாலும் தேயாது. ஆனால் கரும்பு வெட்டு சமயத்தில் லோடு ஏற்றிய டிராக்டர் தாழ்வாகத் தொங்குகிற கேபிளை இழுத்துக்கொண்டு போய்விடும். தென்னை மட்டை விழும். அணில் கடிக்கும். தாமிரம் என்றால் முறுக்கி டேப் சுற்றிச் சமாளிக்கலாம். இதை முடி அளவு இழையாகச் சீவி, நேருக்கு நேர் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். அதற்கு ஸ்பிளைசிங் மெஷின் வேண்டும். பழகிய கை வேண்டும். அப்புறம், வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் நாம்தான் கொடுக்க வேண்டும். பழைய 48 வோல்ட் தாராளம் இதில் இல்லை.

இருப்பதா, போவதா

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு. மாசம் 599, ஜிஎஸ்டியோடு 707 ரூபாய். புதிதாக வந்திருப்பது காற்றில் வருகிற இணைப்பு. மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டி, கம்பியே இல்லை. வேகம் கூட, முதல் ஆறு மாசம் விலையும் குறைவு. பைக்கில் இரண்டு பசங்க வந்து நன்றாகவே பேசிவிட்டுப் போனார்கள். கோளாறு என்றால் யார் வருவார்கள் என்று கேட்டேன். “ஆப்ல கம்ப்ளைன்ட் போடுங்க சார், டீம் வரும்.” டீம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒருவன் கடலூர் என்றான், இன்னொருவன் விழுப்புரம் என்றான்.

உரச் செலவு எழுதுகிற நோட்டில் நெட் நின்ற நாட்களையும் குறித்து வைத்திருக்கிறேன். கடந்த புயல் சீசனில் தொடங்கி ஒரு வருஷத்தில் 11 தடவை. அதில் 7 தடவை அன்றைக்கே வந்தது, 3 தடவை மறுநாள். ஒன்று மட்டும் 9 நாள். அது 2024 நவம்பர் 30ல் கரையேறிய ஃபெஞ்சல். சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் கரை மீறி வந்து மாவட்டமே தத்தளித்த நேரம்.

அந்த 9 நாளில் கம்பெனியின் ஆப், எங்கள் புகாரைச் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மூன்று தடவை மூடியது. லைனோ செத்தே கிடந்தது. கால் சென்டரில் பேசிய பெண்ணுக்குக் கெடிலம் என்றால் ஊரா ஆறா என்று தெரியவில்லை, அவர் மேல் தப்பில்லை. கேபிள் அண்ணன் மட்டும் முட்டளவு தண்ணீரில் கம்பம் கம்பமாகக் கேபிளைத் தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி இருக்கிற தெருவை முதலில், ரேஷன் கடையை இரண்டாவது, வீடுகளைக் கடைசியாக ஒட்டினார். கம்பெனி சொல்லி அல்ல, அவரே போட்ட வரிசை.

மகள் சென்னைக் கம்பெனிக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். அவள் கட்சி தெளிவு. “அப்பா, சென்டிமென்ட் வேற, மீட்டிங் வேற. ஒன்பது நாள் நான் மொபைல் டேட்டாவுல ஓட்டுனேன்.” வீட்டம்மா கட்சி இன்னொன்று. “ஏங்க, வெள்ளைப் பெட்டி கெட்டா யார் வீட்டு வாசல்ல போயி நிப்பீங்க?”

இரண்டும் நியாயம். நெட் இப்போது பொழுதுபோக்கு இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆன்லைன் பதிவு, பட்டாவுக்கு ஆன்லைன், மானியத்துக்கு உழவன் செயலி. லைன் நின்றால் மூட்டை களத்தில் நனையும்.

அண்ணனிடமே நேராகப் பேசினேன். ஒரு காலத்தில் 140 வீடு இருந்ததாம், இப்போது 90. எழுபதுக்குக் கீழே போனால் மெஷினை விற்றுவிட்டுப் பையனோடு ஸ்ரீபெரும்புதூர் போய்விடுவேன் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அப்படி அவர் போனால் 11 தடவையில் அந்த 7 தடவை யார் வருவார்கள்? மேலூரில் நடந்தது எங்கள் தெருவில் நடக்கும். கம்பம் இருக்கும், கேபிள் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

அதனால் இருக்கிறோம் என்று முடிவு. பாவம் பார்த்து இல்லை. நிபந்தனையோடு. வருஷ சந்தா வேண்டாம், மாசாமாசம் கட்டுகிறோம். அறுவடைக்கு முன்னால் டிராக்டர் பாதையைத் தாண்டுகிற இடத்தில் கேபிளை உயர்த்திக் கட்ட வேண்டும், கம்பு நான் தருகிறேன். பெட்டிக்கு ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி வாங்கியாயிற்று. மகளுக்கு அவசரத்துக்கு வேறு கம்பெனி சிம் ஒன்று. முக்கியமாக, தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பையனுக்கு ஸ்பிளைசிங் கற்றுத் தர அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஐப்பசி கார்த்திகை மழை தாண்டியதும் நோட்டைப் பார்த்து மறுபடி பேசுவோம். அடுத்த வருஷம் நின்ற நாள் கூடியிருந்தால் வெள்ளைப் பெட்டிதான். அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். “சரிதாண்ணே” என்றார்.

ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு நகரத்திலிருந்தே ஆன்லைனில் நெட் இணைப்பு வாங்கித் தருகிற பிள்ளைகள் இப்போது நிறைய. உங்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை எம்பிபிஎஸ் என்று கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் மூன்று கேளுங்கள். ஒட்டுகிற மெஷின் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? கரண்ட் போனால் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? அறுந்தால் வருகிற ஆளின் பெயர் என்ன? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் அந்த இணைப்பை வாங்குங்கள். ‘டீம் வரும்’ என்று வந்தால், இன்னொரு தடவை யோசியுங்கள்.